அப்பா போட்ட குட்டி

சங்கிலிப்புதூரில் ஆம்பளைகள் குட்டி போட ஆரம்பித்தது ஒரு மார்கழி மாதக் காலையில், தவசி டீக்கடை பெஞ்சில் வைத்து. முதலில் போட்டவர் தையல்காரர் செல்லையா. அன்றைய முதல் பீடியை இழுத்து முடித்து வழக்கம்போல இருமினார், குனிந்து இருமினார், கண் பிதுங்க இருமினார், பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல டீ கிளாசைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள், கடைசி இருமலில் அவர் வாயிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் சொத்தென்று விழுந்தது. பூனைக்குட்டி அளவு. சாம்பல் நிறம். மேலெல்லாம் கோழை. கண் இல்லை, காது இல்லை, வால் இல்லை, ஒரு முடி இல்லை, வாய் மட்டும் இருந்தது, அந்த வாயைத் திறந்து அது செல்லையாவைப் பார்த்தது. கண் இல்லாமல் எப்படிப் பார்த்தது என்று என்னிடம் கேட்கக் கூடாது. பார்த்தது.

செல்லையா நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு அடுத்த பீடியைப் பற்றவைத்தார். அவர் விட்ட புகையை அது எட்டிக் குடித்தது. குடித்ததும் வயிறு உப்பி, தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அவர் மடியில் ஏறிப் படுத்தது.

"அண்ணாச்சி, போகும்போது பெஞ்சைத் தொடச்சிட்டுப் போவணும், சொல்லிட்டேன்" என்றான் தவசி. ஊர் அதிசயப்பட்டது அவ்வளவுதான்.

பொங்கல் முடிவதற்குள் பீடி குடிக்கிற எல்லாருமே போட்டுவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் கிடையாது, தனியாக சீட்டில் உட்காரவைத்தால் அரை டிக்கெட் என்று கண்டக்டர் ஒரு சட்டம் போட்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பு விடுகிற இடத்தில் குட்டியையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று பூசாரி சொன்னார், வெளியே வரும்போது செருப்பு மாறிப் போவதுபோலக் குட்டியும் மாறிப் போய்ச் சண்டை வந்தது. குளத்துப் படித்துறையில் யாரும் குட்டியைக் குளிப்பாட்டக் கூடாது என்று பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள், ஏனென்றால் குளிப்பாட்டின இடத்தில் தண்ணீர் நூல் நூலாக இழுத்தது. குழாயடியில் பெண்கள், எங்க வீட்டுது பொழுதுக்கும் குடிக்கும், எங்க வீட்டுது சுருட்டுன்னாத்தான் வாயைத் தெறக்கும் என்று பெருமை பேசினார்கள். தை மாதத்தில் காதுகுத்து வைத்தார்கள். காதே இல்லாத ஒன்றுக்கு! ஆசாரி வந்து, காது இருக்க வேண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் குத்தினார், குத்தின ஓட்டையைக் கோழை வந்து மூடியது, திரும்பக் குத்தினார். தாய்மாமன்மார் சீர் கொண்டுவந்தார்கள். கறிச்சோறு போட்டார்கள். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். மொய் வைக்காமல் போகிறாளே பலவேசம் மகள் என்று யாரோ பின்னால் பேசினார்கள். பேசட்டும்.

அந்தக் காதுகுத்துக்கு மைக் செட் போட்டது என் அப்பாதான். பலவேசம் சவுண்ட் சர்வீஸ். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடை என்றாலும், எந்தக் கல்யாணம் என்றாலும் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, ஒயரைச் சுருட்டிக்கொண்டு அவரோடு போவேன். மேலே அவர் பல்லில் ஒயரைக் கடித்துக்கொண்டு கட்டுவார், கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் தட்டுகிற பீடிச் சாம்பல் என் தலையில் விழும்.

அவர் எங்கள் வீட்டில் குட்டி போட்டது பொங்கல் கரிநாள் அன்றைக்கு. அம்மா கிரைண்டரிலிருந்து இட்லி மாவை வழித்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள், இவர் அடுப்படி வாசலில் நின்று இருமினார், ஊரிலேயே பெரிய குட்டி, முழு முயல் அளவு, நேராகப் போய் மாவுச் சட்டிக்குள் விழுந்தது. அம்மா பதறவில்லை. கையை விட்டு எடுத்தாள், ஓரத்தில் வழித்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், முந்தானையால் சுற்றினாள். "ஒங்கப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு பாத்தியாட்டி" என்றாள். மாவை என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். மறுநாள் நான் இட்லி சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளகு என்கிற முறம், சொளகில் இலையும் தூளும், காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றியதைப் பீடிக் கம்பெனிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செக்கர் உருட்டிப் பார்த்து, தளர்வாக இருப்பதை ஒதுக்கித் தள்ளுவார். ஒதுக்கினது வீட்டுக்குத் திரும்பும், வீட்டில் இருக்கிற ஆம்பளை அதைக் குடிப்பான். அதனால் எங்கள் ஊரில் பீடி காசு கொடுத்து வாங்குகிற ஆம்பளை கிடையாது. அம்மா ஒவ்வொரு பீடிக்கட்டிலும் கொஞ்சத்தை வேண்டுமென்றே தளர்த்திச் சுற்றுவாள், செக்கரிடம் திட்டும் வாங்குவாள், வாங்கிக்கொண்டு வந்து அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பாள். புருசன்மேல் இருந்த பாசத்தை அவள் அப்படித்தான் காட்டினாள். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அப்பாவுக்கு இடது கால் சுண்டுவிரல் கறுத்தது மாசி பிறந்தபோது. முதலில் ஏதோ தார் ஒட்டியிருக்கிறது என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். பிறகு வலித்தது. காலைக் கட்டிலில் நீட்ட முடியாது, தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் தாங்கும். பிறகு நாற்றம் அடித்தது. செத்த எலி அலமாரிக்குப் பின்னால் கிடந்தால் வருமே, அந்த நாற்றம்.

ஊர் ஆஸ்பத்திரியில் நிலோபர் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். காலைப் பார்த்தார், முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்து நாடி தேடினார், அப்பாவின் தோளில் படுத்துக் கரகரவென்றுகொண்டிருந்த குட்டியையும் பார்த்தார்.

"பீடி ரத்தக்குழாயை அடைச்சிடுச்சு. குறைச்சா போதாதுங்க, ஒண்ணுகூடக் கூடாது. விட்டுட்டீங்கன்னா இந்த விரலோட நிக்கும். விடலைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கச் சொல்லிடுவாங்க."

"கால எடுத்துட்டா நான் எப்படிம்மா கம்பத்துல ஏறுவேன்?" என்றார் அப்பா.

"அதான் சொல்றேன்."

ஒரு பெட்டி கொடுத்தார். பபுள்கம் மாதிரி, உள்ளே பீடியில் இருக்கிற விஷத்தையே துளித்துளியாக வைத்த மருந்து. மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், திரும்ப மெல்ல வேண்டும். அப்பா அதை வெற்றிலை மாதிரிச் சவைத்து, சாறை முழுங்கி, விக்கி, வாந்தி எடுத்தார். மறுநாள் ஒழுங்காக மென்றார். பீடியைத் தொடவில்லை. அவர் தொடவில்லை என்றதும், விளக்கு வைக்கிற நேரத்தில், குட்டி அழ ஆரம்பித்தது.

அந்த அழுகையை எப்படிச் சொல்ல? பிறந்த குழந்தை பாலுக்கு அழுகிற மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் கிழவன் இருமுகிற மாதிரி ஆகும், திரும்பக் குழந்தை ஆகும். சுவரில் ஏறும், விழும், அப்பாவின் வாயைக் கையில்லாத உடம்பால் முட்டித் திறக்கப் பார்க்கும், போன இடமெல்லாம் பளபளவென்று கோழை காய்ந்து கிடக்கும். தெரு முழுக்கக் கேட்டது. ஒன்றிரண்டு பேராக வந்து, கடைசியில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. முந்தின வருஷம் வரைக்கும், இந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சா என்ன என்று அவரவர் புருசனைத் திட்டின அதே பெண்கள்.

"ஏ பூங்கனி, புள்ள இப்படித் தொண்டை கிழிய அழுவுது, பாத்துக்கிட்டா இருக்க?" என்று அம்மாவைக் கேட்டாள் எதிர்வீட்டுக் கனகு அத்தை.

"டாக்டர் குடுக்கக் கூடாதுன்னுட்டாவ மதினி."

"டாக்டருக்கு என்ன, அவ ராத்திரி அவ வீட்டுல தூங்குவா. ஒரே ஒரு இழுப்பு. அது வாயில ஊதிட்டுக் கீழ போடச் சொல்லு. வாயில்லா சீவன்."

"வாய் மட்டும்தான் அத்தை இருக்கு அதுக்கு" என்றேன் நான்.

"நீ சும்மா கெடட்டி. பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சுல ஈரம் வேணும்."

அப்பா ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு ஒரு பீடி. பிறகு அம்மா தலையணைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். தெரு நிம்மதியாகத் தூங்கப் போனது.

"ஒங்களுக்கு வெக்கமா இல்லியா?" என்று நான் அப்பாவைக் கேட்டேன். "காலு அழுகுது. ஒங்களுக்குக் காலு பெருசா, இந்தச் சளிப் பிண்டம் பெருசா?"

அவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் மடியில் கரகரவென்றது. பலவேசத்துக்கு மனசில் திடம் இல்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசினவர்கள் எல்லாருடைய தோளிலும் ஒரு குட்டி இருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன், முதுகெலும்பில்லாத ஆள் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

டாக்டரம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி போனபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு, என்னால முடியலம்மா என்றார், டாக்டரம்மா சரி என்றார், ரொம்பச் சாதாரணமாக.

"உங்களால முடியலைன்னு ஏன் எடுத்துக்கிறீங்க? இந்த மருந்து உங்களுக்குப் பத்தலை. சக்கரைக்கு மாத்திரை கேக்கலைன்னா நோயாளியையா திட்டுவோம்? மாத்துவோம்."

மாற்றினார். தோளில் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று, கூடவே அந்த பபுள்கம். அப்பா பீடியை மறுபடி நிறுத்தினார். கை நடுங்கவில்லை, எரிந்து விழவில்லை. அழுகையும் குறைந்தது. ஆனால் கால் மட்டும் தேறவில்லை. கறுப்பு அடுத்த விரலுக்கு ஏறியது. டாக்டரம்மா பிளாஸ்திரியைப் பெரியதாக்கினார். கறுப்பு நிற்கவில்லை. பிளாஸ்திரியை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாற்றினார். அதற்கும் நிற்கவில்லை. ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்கிறீங்களா என்று கேட்டார், எம் மக மேல சத்தியமா இல்ல என்று அப்பா என் தலையில் கை வைத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். நான் நம்பவில்லை.

ஒரு நாள் வெந்நீர் வாளியில் அவர் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். சீழ், பஞ்சு, டெட்டால், அந்த நாற்றம். மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு கழுவினேன். சுண்டுவிரல் என் கையோடு வந்துவிட்டது. இழுக்கவில்லை, முருங்கைக்காய் காம்பு கழன்று வருவதுபோலத் தானாக வந்தது. வாளியில் போட்டேன், மிதந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை, மேலே கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட, கொல்லைப்பக்கம் ஓடினேன்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அம்மா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து பீடி சுற்றுகிறவள், ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்க்காதவள், அன்றைக்குப் பீடியை உதட்டில் கோணலாக வைத்து, கண்ணில் நீர் வழிய இழுத்து, மடியில் கிடந்த குட்டியின் வாயோடு தன் வாயை வைத்து ஊதினாள். அது உறிஞ்சிய சத்தம் கேட்டது. எடுத்தபோது இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு நூல் தொங்கியது. பக்கத்தில் கனகு அத்தை தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, பற்றவைத்த பீடியோடு உட்கார்ந்திருந்தாள்.

முறைதான். தெருப் பெண்கள் முறை வைத்திருந்தார்கள். ஒருத்தியே ஊதினால் அவள் நெஞ்சு கெட்டுப்போகும் என்று, தண்ணீர்க் குழாய்க்கு முறை வைப்பதுபோல, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று பிரித்துக்கொண்டு, அப்பா தூங்குகிற மத்தியான நேரத்தில் வந்து வந்து ஊதிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனை பெண்களுக்கும் இருமல் வந்திருந்தது, அதைப் பனி என்று சொல்லிக்கொண்டார்கள்.

"அம்மா!"

"கத்தாதட்டி. என் வீட்டுல ஒரு வாயி பட்டினியா கெடந்து நான் சோறு திங்கவா? ஒங்கப்பா குடிக்கலல்லா? அவரு பாட்டுக்கு மருந்து சாப்பிடுதாரு. இது பாட்டுக்கு இது."

நான் வாளியை அவள் முன்னால் வைத்தேன். எட்டிப் பார்த்தாள். கனகு அத்தையும் எட்டிப் பார்த்தாள். கனகு அத்தையின் பீடி விழுந்து வாளித் தண்ணீரில் சுர்ரென்று அணைந்தது, விரலுக்குப் பக்கத்தில். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். குட்டி மட்டும் இன்னும் வாயைத் திறந்து வைத்திருந்தது.

அப்போதும் அம்மா அதை மடியிலிருந்து இறக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார், திட்டவில்லை, சீட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.

"நான் பாதி ஆளுக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கேன்" என்றார். "அது குடிச்சா அவர் குடிச்ச மாதிரிதான். பிளாஸ்திரியை இனிமே அதுக்கும் ஒட்டணும்."

"ஒட்டாதும்மா. ஈரமா இருக்கும். பன்னிக்கு எண்ணெய் தேச்ச மாதிரி இருக்கும்."

"அப்போ யாராவது அதைத் துடைச்சுத் துடைச்சுக் காயவெச்சு, மடியில பிடிச்சுட்டே இருக்கணும். ஊத வர்றவங்களை உள்ள விடக் கூடாது. அழும். அழுதா மனசு இளகாதவங்களா இருக்கணும். உங்க வீட்டுல அதைப் பார்த்தா பாவமா தோணாத ஆள் யாராவது இருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று பேர் வாங்கினது கடைசியில் இதற்குத்தானா?

"நான் இருக்கேன்" என்றேன். "எனக்கு அதைப் பாத்தா குமட்டிக்கிட்டுத்தான் வரும்."

"நல்லது" என்றார் டாக்டரம்மா. "குமட்டட்டும்."

வீட்டுக்கு வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பழைய துண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டேன். மடியில் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஊறியது. துண்டைப் பிழிந்தால் பழுப்பாக இறங்கியது. சாம்பல் கிண்ணத்தில் மழைத் தண்ணீர் தேங்கினால் வருமே, அந்த வாடை என் நகக்கண்ணில் ஏறி, சோற்றில் ஏறி, கனவில் ஏறியது. கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்துப் பிளாஸ்திரியை ஒட்டி, விழாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது அழுதது. கத்தியது. என் சட்டைப் பொத்தானைச் சப்பியது. வெளியே தெரு வந்து நின்றது. ஏட்டி சக்தி, கதவத் தெறட்டி, பாவம்ட்டி, நீயும் நாளைக்கு ஒரு புள்ளையப் பெத்தவதான ஆவ, என்று கதவைத் தட்டினார்கள், ஜன்னல் கம்பி வழியாக உதட்டைக் குவித்து ஊதினார்கள், நான் ஜன்னலையும் சாத்தினேன். அம்மா கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அழுதாள். இரண்டு அழுகையும் ஒரே ராகத்தில் போனது. எனக்கு இரண்டின் மேலும் கோபம்தான் வந்தது.

பொய் சொல்ல மாட்டேன். மடியில் வைத்திருந்து வைத்திருந்து பாசம் வந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. அது தூங்கும்போது விட்ட மூச்சு, அப்பா கம்பத்திலிருந்து இறங்கி மூச்சு வாங்குவதுபோலவே இருந்தது, அதைக் கேட்டபோது எனக்குக் கூடுதலாகக் குமட்டியது.

டாக்டரம்மா வாரா வாரம் வீட்டுக்கே வந்தார். அளவு பார்த்தார். சில வாரம் சுருங்கும், அப்போது பிளாஸ்திரியைக் கத்தரியால் பாதியாக வெட்டித் தருவார். சில வாரம் சுருங்காது, உப்பும், அப்போது பெரியதாகத் தருவார், அப்பாவுக்கும் மாத்திரையைக் கூட்டுவார். இது என்ன கதி, முன்னால போறதா பின்னால போறதா என்று நான் எரிந்து விழுந்தேன். போறதுதான் கணக்கு, எப்படிப் போகுதோ அப்படி நாமளும் மாத்திக்கிட்டே போவோம் என்றார். முயல் பெருச்சாளி ஆனது. பெருச்சாளி எலி ஆனது. அம்மாவின் பீடிக்கட்டுகளில் ஒதுக்கித் தள்ள ஒரு பீடி இல்லை என்று செக்கர் ஆச்சரியப்பட்டதாகக் கனகு அத்தை வந்து சொன்னாள். அம்மா சொளகைத் தட்டிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள். அவள் விரல் இறுகிப்போயிருந்தது.

டவுன் பெரியாஸ்பத்திரியில் இரண்டாவது விரலையும் எடுத்தார்கள். அங்கேயே நின்றது. கறுப்பு அதற்கு மேல் ஏறவில்லை. பாதம் இருந்தது. குதிகால் இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார், எத்தனையோ நாளைக்குப் பிறகு, நீட்டி.

ஆனால் குட்டி சாகவில்லை. பலாக்கொட்டை அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. துடைத்தால் காய்ந்தது, வழவழவென்று இருந்தது, வாய் மட்டும் ஊசிக்காது அளவில் திறந்து திறந்து மூடியது. டாக்டரம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல மருந்து இதைக் கரைக்காது. வெளிய வெச்சிருந்தா யாராவது ஊதுவாங்க, திரும்ப வளரும்."

"நசுக்கிரட்டுமா?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், அம்மிக்கல் பக்கத்திலேயே இருந்தது.

"ஐயோ பாவி!" என்றாள் கனகு அத்தை. தெரு மறுபடி எங்கள் வாசலில் நின்றது. "எனக்குக் குடுட்டி. நான் ஒரு தீப்பெட்டியில வச்சு வளத்துக்கிடுதேன். ஒங்களுக்குத் தொந்தரவே வராது. நான் என்ன பெருசா ஊதப்போறேன், நல்ல நாளு பெரிய நாளுக்கு ஒரு வாய்."

எனக்குக் குடு, எனக்குக் குடு என்று ஜன்னலுக்குள் கைகள் நீண்டன. அம்மா கையும் ஒன்று நீண்டு, பாதியில் நின்று, மடங்கியது.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். கட்டுப்போட்ட காலை ஊன்றி, சுவரைப் பிடித்து, நான்கு பேரைத் தள்ளிக்கொண்டு வந்து, டாக்டரம்மாவின் கையிலிருந்து அதை இரண்டு விரலால் எடுத்தார்.

"யாரும் வளக்க வேண்டாம்" என்றார். "இது என்னுது."

எடுத்து வாயில் போட்டார். மாத்திரை போடுகிறவர்போலத் தலையை அண்ணாந்தார். அது கன்னத்துக்குள் ஓடியது, வெளியே தெரிந்தது, தோலுக்கு அடியில் ஓடினது. உதடு வழியாகத் தப்பிக்கப் பார்த்தது, உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினார். நிற்கவில்லை, மேலே ஏறியது, திரும்ப விழுங்கினார், கழுத்தில் அது இறங்கினதைத் தெருவே பார்த்தது.

நான் ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தேன். கனகு அத்தையும் என் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு பையைத் திறந்து சீட்டை எடுத்தார்.

"உள்ள இருக்கு" என்றார். "அது பாட்டுக்கு இருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி மாத்திரையை மாத்தித் தரேன். அழும்போது பபுள்கம்மை மெல்லுங்க. பத்தலைன்னா வாங்க, திரும்ப மாத்துவோம்."

மறுவருஷப் பங்குனி உத்திரத்துக்கு அப்பா சாஸ்தா கோயிலுக்கு மைக் செட் போட ஒத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்க என்று அம்மா சொன்னதைக் கேட்கவில்லை. மூன்று விரல் காலில் செருப்பு நிற்காது என்று அதில் ஒரு வார் தைத்துக் கொடுத்தார் செல்லையா. நான் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். தவசி கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெஞ்சு நிறைய ஆம்பளைகள், ஆம்பளைகள் மடி நிறையக் குட்டிகள், எல்லா வாயிலும் பீடி, புகை ரோட்டுக்கு வந்து எங்கள் முகத்தில் இடித்தது.

அப்பாவின் நெஞ்சுக்குள்ளிருந்து அழுகை ஆரம்பித்தது. மெல்லிசாக, தூரத்தில் எங்கோ பிள்ளை அழுவதுபோல.

"அண்ணாச்சி, உள்ள அழுவுதே" என்றான் தவசி.

செல்லையா காதிடுக்கிலிருந்து ஒரு பீடியை எடுத்து நீட்டினார். "ஒண்ணே ஒண்ணுவே. ஒமக்கு வேண்டாம், அதுக்குக் குடும். கேக்க முடியல."

அப்பா நின்றார். அவர் கை லேசாக அசைந்தது, நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன், அசைந்தது. உள்ளே அது கத்தியது. பெஞ்சில் இருந்த குட்டிகள் எல்லாம் அந்தக் குரலுக்குத் தலையைத் தூக்கின.

அப்பா அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, ஒரு பபுள்கம்மை எடுத்துப் பிரித்து, வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கினார்.

"அழட்டும்" என்றார்.

நொண்டி நொண்டி நடந்தார். அழுகை அவரோடேயே வந்தது, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, கோயில் வாசல் வரைக்கும் வந்தது. போகிற வழியெல்லாம் வீட்டு வாசலில் பெண்கள் சொளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து எழுந்து பார்த்தார்கள். கம்பத்தில் ஏணியைச் சாத்தினேன். அவர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மூன்று விரல் காலை அடுத்த படியில் வைத்து, ஏறினார். நான் கீழே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே அது இன்னமும் அழுதுகொண்டிருந்தது.